யாராவது கேட்டு வந்தால்

தோல் அரிப்புக்குத் தடவும் களிம்புக் குழாய் ஒன்று. மருத்துவர் எழுதிக்கொடுத்தால்தான் கிடைக்கும் வகை. மேலே ஒட்டியிருந்த சீட்டில் மருத்துவரின் பெயரும் நோயாளியின் பெயரும் இருந்திருக்க வேண்டும். அந்த இரண்டு இடங்களையும் ஒரு கை பொறுமையாகச் சுரண்டி எடுத்திருந்தது. 1970 டிசம்பர் தொடக்கத்தில், நார்வேயின் பெர்கன் ரயில் நிலையத்துப் பொருள் வைப்பறையில் கேட்பாரற்றுக் கிடந்த இரண்டு பெட்டிகளைக் காவல்துறையினர் திறந்தபோது கிடைத்தவற்றில் அதுவும் ஒன்று. பொய்முடிகள், பார்வைக்கு உதவாத வெறும் கண்ணாடி போட்ட மூக்குக்கண்ணாடி, சீப்பு, ஒப்பனைப் பொருள்கள், டீஸ்பூன்கள், ஒரு பெட்டியின் உள்துணிக்குப் பின்னால் செருகிவைத்த ஜெர்மன் மார்க் நோட்டுகள் எல்லாம் இருந்தன. துணிமணிகளில் கடைப்பெயர் தைத்த பட்டிகள் கத்தரிக்கப்பட்டிருந்தன. ஒரு குளிர்க்கண்ணாடியின் சில்லில் மட்டும் விரல்ரேகை பதிந்திருந்தது. சில நாட்களுக்கு முன் ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் கருகிக் கிடந்த பெண்ணின் ரேகையோடு அது பொருந்தியது.

பெர்கனைச் சுற்றியிருக்கும் மலைகளில் ஒன்று உல்ரிகன். அதன் அடிவாரப் பள்ளத்தாக்கு ஈஸ்டாலன். நவம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை, தன் இரு சிறு பெண்களை அழைத்துக்கொண்டு மலைநடை போன ஒருவர்தான் பாறைச் சரிவில் அவளைக் கண்டது. உடலின் முன்பக்கம் முழுக்க எரிந்திருந்தது, முகம் உட்பட. முதுகுப்புறம் எரியவில்லை. அருகே நகைகளும் கைக்கடிகாரமும் கிடந்தன. உடைந்த குடை ஒன்று, சில பாட்டில்கள். பாட்டில்களின் சீட்டுகளும் அகற்றப்பட்டிருந்தன. நகைகள் கழற்றி வைக்கப்பட்டிருந்த விதத்தைப் பார்த்து ஏதோ சடங்கு போலத் தோன்றியதாக அங்கே போன தடயவியலாளர் ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பின் நினைவுகூர்ந்தார். வயது 25-இலிருந்து 40-க்குள் என்று மதிப்பிட்டார்கள். உயரம் 164 சென்டிமீட்டர் அளவில். கரும்பழுப்புக் கூந்தல், வட்ட முகம்.

அன்றிலிருந்து அவளுக்கு 'ஈஸ்டால் பெண்' என்று பெயர். ஒரு பள்ளத்தாக்கின் பெயரை ஒரு பெண்ணுக்கு வைத்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது.

பெட்டியில் இருந்த குறிப்புத்தாள் ஒன்றில் எழுத்துகளும் எண்களும் கலந்து வரிவரியாக இருந்தன. சங்கேத மொழி என்று முதலில் எண்ணினார்கள். உடைத்துப் பார்த்தால் பயணக் கணக்கு. 'ஓ22 ஓ28 பி' என்றால் அக்டோபர் 22 முதல் 28 வரை பாரிஸ். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு காவல்துறை நார்வே முழுக்க ஓட்டல் ஓட்டலாகப் போனது. அந்நாளில் அங்கே தங்கும் வெளிநாட்டவர் பெயர், ஊர், கடவுச்சீட்டு எண் எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு ஒரு படிவம் கொடுக்க வேண்டும். ஒரே கையெழுத்தில் பல படிவங்கள் கிடைத்தன, ஒவ்வொன்றிலும் வேறு பெயர். ஆஸ்லோவில் ஜெனவியேவ் லான்சியே. பெர்கனில் கிளாவுடியா டீல்ட். ஸ்டவாங்கரில் கிளாவுடியா நீல்சன், பிறகு அதே ஊரில் ஃபெனெல்லா லோர்ஷ். ட்ரொண்ட்ஹைமில் வேரா யார்லே. பெரும்பாலும் பெல்ஜியத்துக்காரி என்று எழுதியிருந்தாள். பெல்ஜியத்தில் விசாரித்தால் அப்படி யாரும் இல்லை. குறைந்தது ஏழு பெயர்கள். ஏழும் பொய்.

இந்த வழக்கைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்களை முதலில் பிடித்துக்கொள்வது இந்தப் பெயர்ப் பட்டியல்தான். என்னைப் பிடித்துக்கொண்டது அவளைப் பார்த்தவர்கள் சொன்ன சின்னச் சின்ன விஷயங்கள்.

பெர்கனில் நெப்டூன் என்ற ஓட்டல். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை அவள் அங்கே தங்கினாள். அந்த நாட்களில் அவள் பெயர் அலெக்சியா. சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்த 21 வயதுப் பெண் அவளைக் கண்ணெடுக்காமல் பார்த்திருக்கிறாள். அவ்வளவு நேர்த்தியான உடை, யாருக்காகவும் தயங்காத தன்னம்பிக்கை, தனியாக வந்து உட்கார்ந்து சாப்பிடும் பெண். 1970-இல் அது அன்றாடம் காணும் காட்சி இல்லை. பார்வை கொஞ்சம் நீண்டுவிட்டது போலிருக்கிறது. அவள் நிமிர்ந்து பார்த்துக் கண் சிமிட்டினாள். பரிமாறியவர் முதுமையிலும் அதை மறக்கவில்லை. நீ பார்ப்பது எனக்குத் தெரிகிறது, பரவாயில்லை என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொன்ன சேதி. இந்த வழக்கின் காகிதக்கட்டுகள் எல்லாவற்றிலும் அவள் உயிரோடு இருக்கும் இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பொய்ப்பெயரோடு வந்தவள், மாட்டிக்கொள்வோமோ என்று அஞ்சியிருக்க வேண்டியவள், தன்னைக் கவனிக்கும் ஒருத்தியிடம் விளையாட்டுக் காட்டுகிறாள். எதற்கும் பொருந்தாத இந்தக் கண்சிமிட்டலை எந்தத் துப்பறிவாளராலும் தன் கதைக்குள் வைக்க முடியவில்லை.

ஸ்டவாங்கரில் ஒரு செருப்புக்கடை. பெட்டிக்குள் அந்தக் கடையின் பை இருந்ததால் காவல்துறை அங்கேயும் போனது. கடைக்காரரின் மகனுக்கு அவளை நன்றாக நினைவிருந்தது. ரப்பர் பூட்ஸ் வாங்க வந்தவள் போட்டுப் பார்த்து, கழற்றி, மறுபடி போட்டு, மற்ற வாடிக்கையாளர்களைவிட நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். அவளிடமிருந்து அவருக்குப் பழக்கமில்லாத ஒரு வாசனை வந்தது. அது பூண்டு வாசனையாக இருக்கலாம் என்று பின்னாளில்தான் அவருக்கு உறைத்தது. அன்றைய நார்வே சமையலறைகளில் பூண்டு அரிது. பூண்டு போட்டுச் சமைக்கும் ஏதோ ஓர் ஊரின் பழக்கம் அவளோடு வந்திருக்கிறது. படிவத்தில் எந்தப் பெயரை எழுதினாலும் அதை விட்டுவிட்டு வர முடியவில்லை. மலைச்சரிவில் கிடந்தபோது அவள் காலடியில் இருந்தவை அந்தக் கடையின் பூட்ஸ் போன்றவையே.

ஓட்டல் பணியாளர்கள் சொன்னவை இன்னும் உண்டு. பாலூற்றிய கஞ்சி கேட்பாள். கொடுத்த அறையை மாற்றித் தரச் சொல்வாள். நவம்பர் 23 காலை ஹோர்டாஹைமன் ஓட்டலில் ரொக்கமாகப் பணம் கட்டிவிட்டு டாக்சி வரவழைத்துக் கிளம்பினாள். அதற்குப் பிறகு ஆறு நாட்கள் இருட்டு.

இப்போது உளவுக் கதைக்கு வரவேண்டும். வராமல் இந்த வழக்கைப் பற்றி எழுத முடியாது. நேட்டோ உறுப்பு நாடான நார்வே அப்போது 'பெங்குவின்' என்ற கப்பல் எதிர்ப்பு ஏவுகணையைக் கடற்கரையோரம் சோதித்துக்கொண்டிருந்தது. அவளுடைய பயணங்களில் சில, சோதனை நடந்த இடத்தோடும் நாளோடும் ஒத்துப்போவதாக ராணுவத்தின் பழைய கோப்புகளில் குறிப்பு இருக்கிறது. ஒரு மீனவர் அவளைக் கப்பல்துறைப் பக்கம் பார்த்ததாகச் சொன்னார். பொய்முடி, பொய்ப்பெயர், குறிப்புத்தாள் இவற்றோடு பனிப்போரும் சேர்ந்தால் போதாதா? இன்று வரை அவளைப் பற்றி எழுதப்படுபவற்றில் பாதி இதைச் சுற்றித்தான். அவள் உளவாளியாக இருந்திருக்கவே முடியாது என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. என் மனத்தாங்கல் வேறு. உளவாளி என்று சொன்ன மாத்திரத்தில் அவள் ஒரு மர்மமாகிவிடுகிறாள். மர்மத்துக்குத் தாய் தகப்பன் கிடையாது. அவளுக்குத் தலைவாரிவிட்டது யார், பல்வலி வந்தபோது கையைப் பிடித்து மருத்துவரிடம் கூட்டிப்போனது யார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றாது.

இப்படி நடப்பது புதிதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில், நோத்ர தாம் தேவாலயத்துக்குப் பின்னால் பிணவறை இருந்தது. அடையாளம் தெரியாதவர்களைக் கண்ணாடிக்குப் பின்னால் கிடத்திவைப்பார்கள். உறவினர் யாராவது வந்து சொல்லட்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்டது. 1907-இல் பொதுமக்களுக்கு அதை மூடினார்கள். சீன் நதியிலிருந்து எடுக்கப்பட்ட ஓர் இளம்பெண் அந்தப் பிணவறைக்கு வந்ததாகவும், அவள் முகத்தின் மென்சிரிப்பில் மயங்கிப் பணியாளர் ஒருவர் அச்சு எடுத்ததாகவும் ஒரு கதை. முகம் உண்மையிலேயே இறந்தவளுடையதுதானா என்பதே சந்தேகம். நீரில் கிடந்த முகம் அவ்வளவு சீராக இருக்காது என்று சொன்னவர்கள் உண்டு. கதை எதுவானாலும் அந்தச் சுண்ணாம்பு முகம் ஐரோப்பிய வீடுகளின் சுவர்களில் அலங்காரமாகத் தொங்கியது. கவிஞர்களும் நாவலாசிரியர்களும் அவளைக் காதலித்துத் தீர்த்தார்கள். பொம்மை செய்யும் தொழிலில் இருந்த நார்வேக்காரர் ஒஸ்முன்ட் லேர்டால், மூச்சு நின்றவருக்கு மூச்சு ஊதப் பயிற்சி தரும் பொம்மையை 1960-இல் செய்தபோது உறவினர் வீட்டுச் சுவரில் பார்த்த அந்த முகத்தையே அதற்கு வைத்தார். உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் உதடு பொருத்தி ஊதிப் பழகியது அந்த முகத்தில்தான். லேர்டாலின் நிறுவனம் இருந்த ஊர் ஸ்டவாங்கர். பத்து ஆண்டு கழித்து இன்னொரு பெயரில்லாப் பெண் பூட்ஸ் வாங்க வந்த அதே ஊர். லேர்டாலின் பொம்மை பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பாரிஸ் முகத்துக்கு ஊரார் எல்லாரும் உரிமை கொண்டாடினார்கள், தன் மகள் என்று மட்டும் யாரும் வரவில்லை. அழகான மர்மமாகிவிட்ட பிறகு அப்படி ஒருவர் வருவதற்கு இடமே இல்லாமல் போய்விடுகிறது.

பெர்கன் காவல்துறை சில வாரங்களிலேயே ஒரு முடிவுக்கு வந்தது. வயிற்றில் தூக்க மாத்திரைகள் கரைந்தும் கரையாமலும் ஏராளமாக இருந்தன. மூச்சுப்பாதையில் புகைக்கரி. எரியும்போது உயிர் இருந்திருக்கிறது. கழுத்தில் ஒரு கன்றல், விழுந்ததாலும் இருக்கலாம், அடித்ததாலும் இருக்கலாம். தற்கொலையாக இருக்கும் என்று வழக்கை மூடினார்கள். அதை ஏற்காதவர்கள் அன்றைய காவலர்களிலேயே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை.

வழக்கை மூடிய பிறகு அவர்கள் செய்ததைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவசரமாக முடித்த கோப்பு என்று குறை சொல்லப்படும் அதே காவல்துறை, 1971 பிப்ரவரி 5 அன்று அவளைப் பெர்கனின் மோலன்டால் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தது. அவள் எழுதிய பொய்ப்பெயர்களில் புனிதர்களின் பெயர்கள் இருந்ததால் கத்தோலிக்கராக இருக்கலாம் என்று யோசித்து, கத்தோலிக்கப் பாதிரியாரை அழைத்தார்கள். பொய்ப்பெயரிலிருந்தும் ஒரு மரியாதையைக் கண்டெடுத்திருக்கிறார்கள். சவப்பெட்டியின் மேல் லைலாக் பூக்களும் டூலிப் பூக்களும் வைத்தார்கள். அந்த ஊரில் பிப்ரவரி கடுங்குளிர், பூ எளிதில் கிடைக்கும் மாதமில்லை. வந்திருந்தவர்கள் காவல்துறையினர் மட்டும். அவளை அறிந்தவர் ஒருவர்கூட அங்கே இல்லை.

இதில் இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும். உடலைத் துத்தநாகப் பெட்டியில் வைத்தார்கள். மரப்பெட்டி மண்ணோடு மண்ணாகிவிடும், துத்தநாகம் தாங்கும். என்றாவது உறவினர் வந்து எங்கள் ஊருக்குக் கொண்டுபோகிறோம் என்றால் எடுத்துக்கொடுக்கலாம். அடுத்து, அடக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை படம் எடுத்து ஓர் ஆல்பமாக வைத்தார்கள். பின்னால் யாராவது கேட்டு வந்தால் காட்டுவதற்கு. அநாதைப் பிணம் என்றால் எடுத்துப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வதுதான் உலகெங்கும் வழக்கம். இவர்கள், யாரென்றே தெரியாத ஓர் அம்மாவை, ஓர் அக்காவை மனத்தில் நினைத்து, அவள் வந்து கேட்கப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் தயாரித்திருக்கிறார்கள். நல்லபடியாகப் போனாளா? பூ வைத்தீர்களா? பாதிரியார் வந்தாரா? இதோ, பாருங்கள்.

அந்த ஆல்பத்தைக் கேட்டு யாரும் வரவில்லை.

2016-இல் நார்வே ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. வழக்கை மறுபடி கையிலெடுத்தது. செய்தியாளர் மாரிட் ஹிக்ராஃப் குழுவினர் காவல்துறையோடும் தடயவியலாளரோடும் சேர்ந்து வேலை செய்தார்கள். 2018-இல் பி.பி.சி.யும் சேர்ந்து அதை ஒலித்தொடராக்கியது. இவர்களுடைய தேடலில் கிடைத்த பெரிய புதையல் அவளுடைய தாடை. 1970-இல் அவள் பற்களைப் பேராசிரியர் கிஸ்லே பாங் ஆராய்ந்திருந்தார். அவள் வயதுக்கு அதிகமான பல் வைத்தியம் நடந்திருந்தது. பல அடைப்புகள், தங்கக் கவசங்கள். நார்வேயில் செய்யும் வேலைப்பாடு இல்லை என்று அவர் சொன்னார். அவர் மறைவுக்குப் பின் அந்தத் தாடையைத் தூக்கியெறிந்துவிட்டார்கள் என்றே எல்லாரும் எண்ணியிருந்தார்கள். பெர்கனின் ஹெளக்கலான்ட் மருத்துவமனையின் நிலவறையிலிருந்து அதைத் தேடி எடுத்தார் தடயவியல் பேராசிரியர் இங்கே மோரில்ட். உடல் உறுப்புகளின் திசுத் துண்டுகளும் பத்திரமாக இருந்தன.

பல் என்பது குழந்தைப் பருவத்தின் சாட்சி. அதன் மேல்பூச்சான எனாமல் உருவாகும் காலத்தில் குடிக்கும் நீரின் ஆக்சிஜனும், அந்த மண்ணில் விளைந்ததைச் சாப்பிடுவதால் வரும் ஸ்ட்ரான்சியமும் அதற்குள் போய்த் தங்கிவிடுகின்றன. ஊருக்கு ஊர் பாறை வேறு, மழை வேறு, அதனால் அந்தத் தனிமங்களின் ஐசோடோப்பு விகிதமும் வேறு. எனாமல் ஒருமுறை உருவானால் பிறகு மாறுவதில்லை. முதல் கடைவாய்ப்பல் பிறப்பை ஒட்டி உருவாகத் தொடங்குகிறது, கடைசிக் கடைவாய்ப்பல் பள்ளிக்குப் போகும் வயதில். இரண்டையும் ஒப்பிட்டால் குழந்தை எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். 2017-இல் முடிவு வந்தது. 1930-ஐ ஒட்டிப் பிறந்தவள். பிறந்தது ஜெர்மனியில், நியூரம்பர்க் நகரிலோ அதன் சுற்றுவட்டாரத்திலோ. சிறுவயதிலேயே மேற்கே, ஃபிரான்ஸுக்கோ ஃபிரான்ஸ்-ஜெர்மனி எல்லைப் பகுதிக்கோ வந்துவிட்டாள். ஃபிரான்ஸிலோ அதன் பக்கத்து நாடுகளிலோ எழுதக் கற்றவளின் கை என்று அவள் கையெழுத்தை ஆராய்ந்தவர்களும் சொன்னார்கள்.

1930, நியூரம்பர்க். அவளுக்கு ஐந்து வயதளவில் இருந்தபோது அந்த ஊரில்தான் யூதர்களின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டங்கள் அறிவிக்கப்பட்டன. 1945 ஜனவரி 2 இரவு விமானக் குண்டுவீச்சில் பழைய நகரம் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. இடைப்பட்ட பத்தாண்டில் அங்கிருந்து குழந்தைகள் பெற்றோரோடும் பெற்றோரில்லாமலும் எல்லை கடந்து போனார்கள். அவள் யூதக் குழந்தையா, ராணுவத்தானின் மகளா, வேலை தேடி மேற்கே போன குடும்பமா என்று பல் சொல்லாது. ஆனாலும் அந்தத் தேதியையும் ஊரையும் ஒருசேரப் பார்த்த பிறகு, அவளை ஏன் யாரும் தேடவில்லை என்ற பழைய கேள்வி எனக்கு வேறாகத் தெரிகிறது. அதுவரை, ரகசியமாக வாழ்ந்தவள், அதனால் தேட ஆளில்லை என்று நினைத்திருந்தேன். 1970-இல் அவளுக்கு நாற்பது. அந்த வயதுப் பெண்ணைக் காணோமென்று தேடக்கூடியவர்கள் பெற்றோர், உடன்பிறந்தவர், கணவன். பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் 1945-க்கு முன்பே இல்லாமல் போயிருக்கலாம், கணவன் என்று ஒருவர் இல்லாமலே இருந்திருக்கலாம். அப்படியென்றால் அவள் ஓட்டல் ஓட்டலாகப் பெயர் மாற்றியபோது உண்மைப் பெயர் சொல்லி அழைக்க உலகத்தில் ஒருவரும் மிச்சமில்லை. இது என் ஊகம்தான். ஆனால் உளவாளி ஊகத்தைவிட இதற்கு ஆதாரம் குறைவு என்று யாராலும் சொல்ல முடியாது.

ட்ரொண்ட்ஹைமில் வேரா யார்லே என்று எழுதியபோது சொந்த ஊர் என்ற இடத்தில் அவள் எழுதியது ஆன்ட்வெர்ப். அந்த ஆன்ட்வெர்ப்பில் 1992 ஜூன் 3 அன்று ஆற்று நீரில் இன்னொரு பெண்ணின் உடல் ஒதுங்கியது. அவள் கொல்லப்பட்டிருந்தாள். இடது முன்கையில் பச்சை குத்தியிருந்தாள். கரும்பூ, பச்சை இலைகள், கீழே ஓர் ஆணின் பெயர் போன்ற எழுத்துகள். அவளுக்கும் வேறு பெயரில்லாமல் 'பூப் பச்சைகுத்திய பெண்' என்றே முப்பது ஆண்டுகள் அழைத்தார்கள். 2023 மே மாதம் இண்டர்போலும் பெல்ஜியம், ஜெர்மனி, நெதர்லாந்து காவல்துறைகளும் சேர்ந்து 22 பெண்களின் விவரங்களைப் பொதுமக்கள் முன் வைத்தன. பெரும்பாலானோர் கொல்லப்பட்டவர்கள் என்று நம்பப்படுகிறது. பெரும்பாலும் 15-இலிருந்து 30 வயதுக்குள். அடையாளம் தெரியாத உடல் பற்றி இண்டர்போல் அனுப்பும் கறுப்பு அறிவிக்கை அதுவரை காவல்துறைகளுக்குள் மட்டுமே சுற்றிவந்தது. அதை வெளியே காட்டியது அதுவே முதல்முறை.

அவ்வளவுதான் தேவைப்பட்டது. பிரிட்டனில் அந்த ஆன்ட்வெர்ப் பெண்ணின் வீட்டார் செய்தியில் அந்தப் பச்சைகுத்தைப் பார்த்தார்கள். 1992 பிப்ரவரியில் ஆன்ட்வெர்ப் போனவள், மே மாதம் ஒரு தபால் அட்டை போட்டவள், பிறகு சேதியே இல்லாதவள். 31 ஆண்டுகளாக அவர்கள் காத்திருந்தார்கள், நார்வே ஆல்பத்தைப் போலவே ஆன்ட்வெர்ப்பிலும் ஒரு காவல்துறைக் கோப்பு காத்திருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு குறுகிய கடல்தான். அவள் பெயரை இண்டர்போல் அறிவித்தது, தேடினால் கிடைக்கும். அது வீடு திரும்பிவிட்ட பெயர், நான் அதை இங்கே எடுத்தாளப் போவதில்லை. மற்ற பெண்களுக்கும் அப்படி நேரட்டும் என்று 2024-இல் ஃபிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளும் சேர்ந்துகொண்டன. பட்டியல் 46 ஆயிற்று.

இந்த இரண்டு பெண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஈஸ்டால் பெண்ணைப் பற்றி நமக்குத் தெரியாதது மிகக் குறைவு. எந்த மண்ணின் தண்ணீரைக் குடித்து வளர்ந்தாள், எப்படிக் கஞ்சி கேட்பாள், அக்டோபர் 24 அன்று எந்த நகரத்தில் தூங்கினாள் என்பது வரை தெரியும். ஆன்ட்வெர்ப் பெண்ணைப் பற்றிக் காவல்துறைக்குத் தெரிந்தது பச்சைகுத்தும் சில துணிகளும். பெயர் கிடைத்தது அவளுக்குத்தான். தகவல் எவ்வளவு குவிந்தாலும் அது ஒரு பக்கத்துக் கயிறு மட்டுமே, இழுத்துப் பிடிக்க மறுபக்கம் ஒரு கை வேண்டும். அந்தக் கையை எட்டுவதற்காகக் கூவிக்கொண்டிருப்பதே அடையாளம் காணும் வேலை என்று நான் நம்புகிறேன். பெர்கனின் அந்தக் காவலர்களுக்கு 1971-இலேயே இது தெரிந்திருந்தது.

ஒரு மறுப்பு எழும். களிம்புக் குழாயில் பெயரைச் சுரண்டியது அவளே என்றால்? தன்னை அழித்துக்கொள்ளவே அவள் விரும்பினாள் என்றால், பல்லைக் குடைந்து ஊரைக் கண்டுபிடிக்க நாம் யார்? இந்தக் கேள்வியை என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. ஆனால் சுரண்டிய கை யாருடையது என்று தெரியாது. கொன்றவன் அடையாளத்தை அழிப்பதும் அதே மாதிரிதான் இருக்கும். அவளே செய்திருந்தாலும், ஒளிந்து வாழ விரும்பியவள் யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குள் கிடக்கவும் விரும்பினாள் என்று அர்த்தமாகிவிடாது. உயிரோடிருப்பவர் மறைந்துகொள்ள உரிமை உண்டு. இறந்தவரிடத்தில் எஞ்சியிருப்பவர்களுக்கும் ஓர் உரிமை வந்து சேர்ந்துவிடுகிறது. அவள் அண்ணன் மகளுக்கு இப்போது எழுபது வயது இருக்கலாம். அத்தை ஒருத்தி இருந்தாள், எங்கோ போய்விட்டாள் என்று வீட்டில் பேசக் கேட்டு வளர்ந்த ஒருத்தி. அவளுக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?

வழி இல்லாமலும் இல்லை. மரபணுவின் இலட்சக்கணக்கான புள்ளிகளை, வம்ச ஆராய்ச்சிக்காக எச்சில் கொடுத்தவர்களின் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவினர்களைப் பிடித்து, அவர்களின் குடும்ப மரத்தில் கிளை கிளையாக இறங்கிவரும் முறை 2018 முதல் அமெரிக்காவில் நெடுங்காலம் பெயரில்லாமல் கிடந்த பலரை மீட்டிருக்கிறது. ஓஹையோவில் 1981-இல் சாலையோரப் பள்ளத்தில் கிடைத்த இளம்பெண்ணுக்கு 37 ஆண்டு கழித்துப் பெயர் கிடைத்தது அப்படித்தான். ஈஸ்டால் பெண்ணின் திசுவிலிருந்து மரபணு எடுத்தாகிவிட்டது, அவள் ஐரோப்பிய வம்சம் என்பதும் தெரியும். ஆனால் அந்த முறைக்கும் மறுபக்கத்துக் கை வேண்டும். உறவினர் யாராவது எச்சில் கொடுத்திருக்க வேண்டும். அவள் வளர்ந்த நாடாக இருக்கக்கூடிய ஃபிரான்ஸில், வம்சம் அறிய ஒருவர் தானாகவே மரபணுச் சோதனை செய்துகொள்வது சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. அந்தரங்கத்தைக் காக்க வந்த சட்டம்தான், அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. காணாமல் போனவர்களுக்காகவும் பெயரில்லாமல் புதைக்கப்பட்டவர்களுக்காகவும் மட்டும் அதில் ஒரு கதவு திறந்துவிடலாம் என்றுதான் கேட்கிறேன்.

2019-இல் ஒலித்தொடர் பற்றிய செய்தி லொரேன் பகுதிப் பத்திரிகை ஒன்றில் வந்தபோது, ஜெர்மன் எல்லையோர ஊரான ஃபோர்பாக்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர், 1970-இல் அவளோடு பழகியிருந்ததாகச் சொன்னார். பல மொழி பேசுவாள், எங்கிருந்து வந்தாள் என்று சொல்லமாட்டாள், பெட்டியில் பொய்முடி வைத்திருந்தாள் என்றார். அது உண்மையா என்பது உறுதியாகவில்லை. ஆனால் தேடல் அவள் வளர்ந்திருக்கக்கூடிய மண்ணில், அங்குள்ளவர்கள் படிக்கும் மொழியில் போய்ச் சேர்ந்ததும் ஒருவர் வாய் திறந்தார். நியூரம்பர்க்கின் பகுதிப் பத்திரிகைகளிலும் அல்சாஸ், லொரேன் சிற்றூர்களின் திருச்சபை இதழ்களிலும் முதியோர் இல்லங்களிலும் அவள் முகத்தை வரைந்த ஓவியங்களை மறுபடி மறுபடி காட்ட வேண்டும். 1930-இல் பிறந்தவளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இப்போது தொண்ணூற்றைந்தை ஒட்டிய வயது. சிலரே இருப்பார்கள். இந்த வருஷமே போய்க் கேட்க வேண்டும்.